கயிற்றின் மறுமுனை

எங்கள் அலுவலகத்திலிருந்து முப்பது பேரைத் திருவண்ணாமலையில் இரண்டு நாள் முகாமுக்கு அழைத்துப் போனார்கள். 'தன்னை அறிதல், உறவு வளர்த்தல்' என்று பேனரில் போட்டிருந்தது. மலை தெரிகிற ஒரு தோப்பில், கண்ணைக் கட்டிக்கொண்டு ஒருவர் தோளை ஒருவர் பிடித்து நடந்தோம். கடைசியாகக் கயிறு இழுக்கும் போட்டி.

எதிரணியில் முன்னால் நின்றவர் பக்கத்துப் பிரிவுக்காரர். ஒரு கோப்பு விஷயமாக எங்களுக்குள் மூன்று மாதமாகப் பேச்சு இல்லை. பாதி ஆட்டத்தில் அவர் கால் வழுக்கி விழுந்தார். கயிற்றை மட்டும் விடவில்லை. தரையில் இழுபட்டு வந்தார். எங்கள் பக்கம் சிலர் பிடியைத் தளர்த்தினார்கள். "விடாதீங்க, இழுங்க!" என்று கத்தியவன் நான்.

பிறகு வட்டமாக உட்காரவைத்துப் பயிற்சியாளர் கேட்டார்: "உங்களப் பத்தி என்ன தெரிஞ்சுக்கிட்டீங்க?"

"கூட்டு முயற்சின்னா என்னன்னு தெரிஞ்சுது சார்" என்றேன். கைதட்டினார்கள். நான் சொன்னது பொய். அவர் விழுந்தபோது எனக்குச் சந்தோஷமாக இருந்தது என்பதைத்தான் தெரிந்துகொண்டிருந்தேன்.

விளையாட்டு நம்மைக் காட்டிக்கொடுக்கும். முகத்தைச் சரிசெய்துகொள்ள அது அவகாசம் தராது. ஆனால் பார்த்துவிட்டால் மட்டும் போதுமா? கூடி விளையாடினாலே உறவு வந்துவிடுமா?

1954 கோடையில் அமெரிக்காவின் ஓக்லஹோமாவில், ராபர்ஸ் கேவ் பூங்காவில், சமூக உளவியலாளர் முஸாஃபர் ஷெரீஃப் 22 சிறுவர்களை இரண்டு அணியாகப் பிரித்து ஒரு முகாம் நடத்தினார். பேஸ்பால், கயிறு இழுத்தல் என்று போட்டிகள் வைத்தார். சில நாட்களில் ஓர் அணி மற்றதன் கொடியைக் கொளுத்தியது. சேர்ந்து சாப்பிடவைத்துப் பார்த்தார்கள். சோற்றை எடுத்து எறிந்துகொண்டதுதான் மிச்சம். பிறகு சாப்பாடு எடுத்துவர வேண்டிய லாரி கிளம்பாமல் நின்றது. முன்பு எதிரெதிராக இழுத்த அதே கயிற்றைக் கட்டி, இரண்டு அணியும் சேர்ந்து லாரியை இழுத்தன. இதுபோன்ற சில வேலைகளுக்குப் பிறகுதான் பகை தணிந்தது. தாங்கள் ஆய்வுப் பொருள் என்பது அந்தப் பிள்ளைகளுக்குத் தெரியாது. லாரி நின்றதும் ஏற்பாடுதான். அந்த ஏமாற்று எனக்கு உறுத்துகிறது. ஆனாலும் அவர்களுடைய பசி பொய்யில்லை.

நமக்கு இது புதிதல்ல. கார்த்திகை தீபத் திருவிழாவின் ஏழாம் நாள் இதே ஊரில் பெரிய தேரை ஆயிரக்கணக்கானவர்கள் வடம் பிடித்து இழுக்கிறார்கள். அங்கே தோற்க எதிரணி இல்லை. ஆனால் வடத்தைப் புனிதமாக்கிப் பேசிவிட்டு நான் தப்பித்துக்கொள்ள முடியாது. சிவகங்கை மாவட்டம் கண்டதேவியில், தலித் மக்கள் தேர்வடம் தொடுவதா என்று எழுந்த எதிர்ப்பு நீதிமன்றம்வரை போனது. தேரே பல ஆண்டுகள் ஓடாமல் நின்று, 2024-இல்தான் மறுபடி ஓடியது. கயிறு தானாக யாரையும் சேர்த்துவிடாது. நமக்குப் பக்கத்தில் யார் கை வைக்கலாம் என்று நாம் நினைக்கிறோமோ, அந்த அளவுக்குத்தான் சேர்க்கும்.

அன்றிரவு கிரிவலம். பதினான்கு கிலோமீட்டர். ரமணாசிரமத்தைத் தாண்டும்போது 'நான் யார்?' நூல் நினைவுக்கு வந்தது. தனிமையில் பிறந்த கேள்வி என்றே அதை நினைத்திருந்தேன். ஆனால் 1902-இல் வருவாய்த் துறையில் வேலை பார்த்த சிவப்பிரகாசம் பிள்ளை மலைக்கு வந்து கேட்கக் கேட்க, ரமணர் எழுதிக் காட்டிய பதில்கள்தான் அந்த நூலாயின. தன்னை அறிவதற்கும் எதிரே ஒருவர் உட்கார வேண்டியிருக்கிறது போல.

நிருதி லிங்கத்துக்கு அருகே அவர் பின்தங்கி நின்றிருந்தார். கையில் தண்ணீர் பாட்டில்.

"மூடியக் கொஞ்சம் திறந்து குடுங்க சார். கை எரியுது."

இரண்டு உள்ளங்கையிலும் தோல் உரிந்திருந்தது. திறந்து கொடுத்தேன். அவர் குடித்து முடிக்கிறவரை காத்திருந்து சொன்னேன்: "நீங்க விழுந்தப்ப இழுக்கச் சொன்னது நாந்தான்."

"தெரியும் சார். உங்க கொரல் எனக்குத் தெரியாதா?"

வட்டத்தில் உட்கார்ந்து சொல்லியிருக்க வேண்டியதை இப்போதுதான் சொன்னேன். கைதட்ட யாரும் இல்லை. சேர்ந்து நடந்தோம். கொஞ்ச தூரத்தில் அந்தக் கோப்பு பற்றிய பேச்சு வந்தது. சண்டையாகத்தான் ஆரம்பித்தது. பாதி வழிக்கு மேல் மிச்சம் இருந்தது.