சும்மா இருக்கிற நேரத்துக்கு என்ன விலை?

‘வீட்ல சும்மாதான் சார் இருக்கேன். ஏதாவது தொழில் செய்யலாம்னு பார்க்கறேன். என்ன செய்யலாம்?’

பத்திரிகை வேலையில் இருப்பதால் இந்தக் கேள்வி அடிக்கடி வரும். ஊறுகாய் போடலாமா, இட்லி மாவு அரைத்துக் கொடுக்கலாமா, நைட்டி தைக்கலாமா என்று கேட்பார்கள். எனக்கு அந்தத் தொழில்களைப் பற்றி ஒரு அபிப்பிராயமும் கிடையாது. எதைச் செய்தாலும் நல்லதுதான். என்னை உறுத்துவது அந்தக் கேள்வியில் வருகிற ஒரே ஒரு வார்த்தை.

சும்மா.

காலை அஞ்சு மணிக்கு எழுந்து, காபி போட்டு, சமைத்து, பிள்ளைகளைப் பள்ளிக்கூடம் அனுப்பி, மாமியாருக்கு மாத்திரை எடுத்துக் கொடுத்து, துணி துவைத்துக் காயப்போட்டுவிட்டு வந்து உட்காருகிற மனுஷி, ‘நான் சும்மாதான் இருக்கேன்’ என்கிறாள். நாமும் தலையாட்டுகிறோம். இந்த ஒரு வார்த்தையால் எவ்வளவு நஷ்டம் என்று எனக்குத் தெரிந்தது குழித்துறையில், என் பெரியம்மா வீட்டுத் திண்ணையில்.

குழித்துறை தெரியும்தானே? கன்னியாகுமரி மாவட்டத்தில், கேரள எல்லையை ஒட்டி, ஆற்றங்கரையில் இருக்கிற ஊர். பஸ்ஸில் வருகிறவர்களுக்கு மார்த்தாண்டம்தான் தெரியும். நகராட்சிக்குப் பெயர் குழித்துறை. மார்த்தாண்டமே அதற்குள்தான்.

பெரியம்மா முந்திரிக்கொத்து செய்து விற்றுக்கொண்டிருந்தார். வெளியூர்க்காரர்களுக்கு ஒரு வார்த்தை. இதில் முந்திரிப்பருப்பு கிடையாது. எங்கள் பக்கம் திராட்சைக்கும் முந்திரி என்று பெயர் உண்டு. கொத்தாக இருப்பதால் அந்தப் பெயர். சிறுபயறை வறுத்துத் திரித்து, தேங்காய்த்துருவலும் ஏலக்காயும் சேர்த்து, சர்க்கரைப்பாகில் உருட்டி, அரிசிமாவில் முக்கி எண்ணெயில் போட்டு எடுக்க வேண்டும். கல்யாணம், தீபாவளி, கிறிஸ்துமஸ் எல்லாவற்றுக்கும் ஆர்டர் வரும்.

2001-ல் நான் பி.காம். படித்துக்கொண்டிருந்தேன். காஸ்ட் அக்கவுன்டிங் என்று ஒரு பாடம். புதிதாகக் கத்தி வாங்கியவனுக்குக் கண்ணில் படுவதையெல்லாம் வெட்டத் தோன்றுமே, அதுபோல எனக்குப் பார்த்ததையெல்லாம் கணக்குப் போடத் தோன்றிய காலம். லீவுக்குப் போனவன் நோட்டும் பேனாவுமாகப் பெரியம்மா பக்கத்தில் உட்கார்ந்துவிட்டேன்.

நூறு முந்திரிக்கொத்து. ஒன்று இரண்டு ரூபாய். வரவு இருநூறு. பயறு, சர்க்கரை, எண்ணெய், ஏலக்காய், மில் கூலி எல்லாம் சேர்த்துச் செலவு நூற்றுமுப்பது. ‘எழுவது ரூவா லாபம்’ என்றார் பெரியம்மா, பெருமையாக.

‘தேங்கா?’

‘நம்ம தென்னையில உள்ளதுதானே!’

‘விறகு?’

‘அதுவும் நம்ம பறம்புலதானே கெடக்கு.’

மூன்று தேங்காய்க்குப் பதினைந்து, விறகுக்குப் பதினைந்து எழுதினேன். விற்றிருந்தால் அந்தக் காசு கைக்கு வந்திருக்கும் இல்லையா? மீதி நாற்பது. அடுத்து எவ்வளவு நேரம் வேலை என்று கேட்டேன். வறுத்தது, உருட்டியது, பொரித்தது எல்லாம் சேர்த்து இரண்டு நாளில் ஒன்பது மணி நேரம். மணிக்கு நாலரை ரூபாய்கூட வரவில்லை. சைக்கிளில் வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுத்த அண்ணனின் நேரத்தை நான் சேர்க்கவே இல்லை.

பெரிய கண்டுபிடிப்புபோல அதைப் படித்துக் காட்டினேன். பெரியம்மா அடுப்பைப் பார்த்தபடியே சொன்னார்: ‘இதச் சொல்லவா மக்களே காலேஜுக்குப் போன? எல்லாம் நம்ம ஆளுங்க. அவங்ககிட்ட போயி எனக்க கூலியையும் கேக்கவா?’

அன்றைக்கு என்னிடம் பதில் இல்லை. நியாயமான பேச்சாகத்தான் பட்டது. பெரியப்பாவுக்குச் சம்பளம் வருகிறது. பெரியம்மாவின் எழுபது ரூபாய் இல்லாவிட்டாலும் அந்த வீட்டில் அடுப்பு எரியும். தன் உழைப்பைக் குறைந்த விலைக்குக் கொடுக்க ஒருவருக்கு உரிமை இல்லையா? அவர் நேரம், அவர் இஷ்டம். இதில் யாருக்கு என்ன நஷ்டம்?

நஷ்டப்பட்டவர் நாலு வீடு தள்ளி இருந்தார்.

அவரும் முந்திரிக்கொத்து போடுகிறவர்தான். கணவர் இல்லை, இரண்டு பெண் பிள்ளைகள். தேங்காயும் விறகும் காசுக்கு வாங்க வேண்டும். அவருக்கு அது பொழுதுபோக்கு இல்லை, சோறு. ஒன்றுக்கு மூன்று ரூபாய் வாங்கினால்தான் கட்டும். ஆனால் மூன்று ரூபாய் என்றதும் தெருவில் என்ன சொல்வார்கள்? ‘அங்க ரெண்டு ரூவாய்க்குக் கெடைக்குதே!’ அவரும் இரண்டுக்கு இறங்கினார். இரண்டு கிறிஸ்துமஸ் தாக்குப்பிடித்தார். பிறகு சட்டியைக் கவிழ்த்துவிட்டு அண்டி ஆபீஸுக்குப் போனார். அண்டி ஆபீஸ் என்றால் எங்கள் பக்கத்தில் முந்திரிப்பருப்பு ஆலை. கொட்டையை உடைத்தால் கையில் எண்ணெய் பட்டுத் தோல் பொத்துப்போகும் வேலை.

‘நான் அவளுக்கு ஒரு துரோகமும் செய்யலியே’ என்றார் பெரியம்மா. உண்மைதான். ஒரு துரோகமும் செய்யவில்லை. தன் கூலியைக் கணக்கில் எழுதாமல் விட்டார். அவ்வளவுதான். எழுதாமல் விட்ட அந்தக் காசை இன்னொருத்தியின் பிள்ளைகள் கட்டினார்கள்.

இதைத்தான் உங்களிடம் சொல்ல வந்தேன். குறைந்த விலைக்கு விற்பதை நாம் தாராள மனசு என்று நினைத்துக்கொள்கிறோம். சொந்த உழைப்பைச் சேர்க்காத விலை தாராளம் இல்லை. அது தப்பான விலை. தப்பான விலைக்கு யாரோ ஒருவர் எங்கோ பணம் கட்டிக்கொண்டிருப்பார்.

மரியா மீஸ் என்று ஒரு ஜெர்மன் சமூகவியல் அறிஞர். ஆந்திராவில் நரசாபூர் பக்கம் வீட்டிலிருந்தபடி லேஸ் பின்னுகிற பெண்களோடு பழகி, 1982-ல் ஒரு புத்தகம் எழுதினார். அந்தப் பெண்கள் வீட்டு வேலைக்கு மேலே தினமும் ஆறு, எட்டு மணி நேரம் பின்னினார்கள். சரக்கு வெளிநாட்டுக்குப் போனது. வியாபாரிகள் பணக்காரர்கள் ஆனார்கள். பின்னியவர்களுக்குச் சொற்பக் கூலி. ஏன்? அவர்கள் ‘குடும்பப் பெண்கள்’, ஓய்வு நேரத்தில் பின்னுகிறார்கள் என்று எல்லோரும் சொன்னார்கள். அவர்களும் அப்படியே நம்பினார்கள். ஓய்வு நேரத்துக்கு யாராவது சம்பளம் கேட்பார்களா?

இதே லேஸுக்கு எங்கள் மாவட்டத்தில் வேறு கதை இருக்கிறது. நாகர்கோவிலுக்கு 1819-ல் வந்த மிஷனரி குடும்பத்தைச் சேர்ந்த மார்த்தா மால்ட், அங்கிருந்த பெண்களுக்கு லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்தார். திருவிதாங்கூரில் அடிமை முறை இருந்த காலம். லேஸ் பின்னிச் சம்பாதித்த காசைக் கொடுத்துத் தங்களையே மீட்டுக்கொண்ட பெண்கள் இருந்தார்கள். அதே ஊசி, அதே நூல். உழைப்பு காசாகக் கைக்கு வந்த இடத்தில் அது விடுதலைப் பத்திரம் ஆனது. ‘சும்மா பின்னினது’ என்றான இடத்தில் வெறும் முதுகுவலி.

‘சரி சார், நான் தனி ஆள். விலையைக் கூட்டினால் வாங்க மாட்டார்களே?’ என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. இதற்கும் எங்கள் ஊர்ப்பக்கமே பதில் இருக்கிறது.

மார்த்தாண்டம் தேன் கேள்விப்பட்டிருப்பீர்கள். 1920-களில் ஒய்.எம்.சி.ஏ.வின் கிராம மையம் மார்த்தாண்டத்தில் வந்தது. அதை நடத்திய ஸ்பென்சர் ஹாட்ச் என்ற அமெரிக்கர், ஏழைக் குடும்பங்கள் இருக்கிற வேலையை விடாமல், வீட்டைச் சுற்றியே என்ன சம்பாதிக்கலாம் என்று தேடினார். கிடைத்தவற்றில் ஒன்று தேனீ. மரப்பெட்டியைக் கொல்லையில் வைத்தால் போதும், தேனீ ஊர்சுற்றிச் சேர்த்துக்கொண்டு வரும். பிற்பாடு ரப்பர் தோட்டங்கள் பெருகியதும் இன்னும் வசதி. ரப்பர் தளிர்க்கும் பருவத்தில் இலைக்காம்பில் இனிப்பு கசியும். தேனீக்கு அதுதான் அறுவடை.

ஆனால் பெட்டி மட்டும் இருந்தால் என்ன நடக்கும்? ஒவ்வொரு வீட்டுக்காரரும் பாட்டிலோடு ரோட்டோரம் நிற்பார். வாங்குகிறவர் சொன்னதுதான் விலை. அதனால் தேன் வளர்ப்போருக்குக் கூட்டுறவுச் சங்கம் வந்தது. தேனைச் சங்கத்தில் அளந்து ஊற்றலாம். நாலு வீடு தள்ளி இருப்பவருக்கும் அதே விலை. பக்கத்து வீட்டுக்காரரைக் கவிழ்த்து விற்க வேண்டிய அவசியம் இல்லை.

1990-களின் தொடக்கத்தில் ஒரு வைரஸ் நோய் வந்து தென்னிந்தியா முழுக்க நாட்டுத் தேனீக் கூட்டங்களை அழித்தது. குமரி மாவட்டத்திலும் பெட்டிகள் காலியாகக் கிடந்தன. வீட்டுத் தொழில் என்றாலும் இப்படி ஒரு வருஷம் வரும். விலையில் நல்ல வருஷத்துக் கூலி மட்டும் இருந்தால் போதாது. கெட்ட வருஷத்துக்கும் கொஞ்சம் இருக்க வேண்டும்.

லிஜ்ஜத் அப்பளம் எல்லோருக்கும் தெரிந்த கதைதான். 1959 மார்ச்சில் பம்பாய் கிர்காமில் ஏழு பெண்கள், கடன் வாங்கிய எண்பது ரூபாயில், மொட்டைமாடியில் தொடங்கியது. இந்தக் கதையை எல்லோரும் ‘எண்பது ரூபாய் கோடிகளான அதிசயம்’ என்று சொல்வார்கள். எனக்கு அதிசயம் வேறு இடத்தில். மாவை வீட்டுக்கு எடுத்துப்போய் உருட்டிக் கொண்டுவந்து கொடுக்கிறார்கள். உருட்டியதற்குக் கூலி உண்டு. லாபம் வந்தால் அது தனியாகப் பங்கு. கூலி வேறு, லாபம் வேறு என்று அந்த ஏழு பேர் பிரித்துவைத்தார்களே, அதுதான் அதிசயம்.

நான் படித்த பி.காம்.மில் மறக்காமல் நிற்கிற பாடமும் இதுதான். முதலாளி வேறு, வியாபாரம் வேறு. முதலாளி போட்ட முதலைக்கூட, வியாபாரம் அவருக்குத் திருப்பித் தரவேண்டிய கடன்போலத்தான் எழுதுவார்கள். கோடீஸ்வரருக்குப் பொருந்துகிற இந்த விதி, அடுப்படியில் ஊறுகாய் போடுகிறவருக்கும் பொருந்தும்.

அதனால் தொடங்குகிற அன்றைக்கு ஒரு நோட்டு போடுங்கள். சாமான் செலவுக்கும் முன்னால், முதல் வரியாக, ‘என் கூலி’ என்று எழுதுங்கள். உங்கள் ஊரில் வெளிவேலைக்குப் போனால் என்ன கிடைக்குமோ அதை எழுதுங்கள். வீட்டுத் தேங்காய்க்கு விலை போடுங்கள். உதவி செய்கிற பையனுக்கும் போடுங்கள். வீட்டுப் பணத்துக்கு ஒரு டப்பா, தொழில் பணத்துக்கு ஒரு டப்பா வையுங்கள். அப்படிக் கணக்குப் போட்டும் கட்டவில்லை என்றால்? அந்தத் தொழில் உங்களைத் தின்றுதான் உயிரோடு இருக்கிறது என்று தெரிந்துகொள்ளலாம். தெரிந்த பிறகு விடுவதா தொடர்வதா என்பது உங்கள் இஷ்டம். தெரியாமல் தொடர்வதைத்தான் வேண்டாம் என்கிறேன்.

‘எல்லாத்தையும் காசாக்கிவிட்டால் மனுஷத்தன்மை எங்கே?’ என்று ஒரு கேள்வி மிச்சம் இருக்கிறது. பாசத்தோடு கொடுக்க வேண்டியவர்களுக்குச் சும்மா கொடுங்கள். பத்து முந்திரிக்கொத்தைத் தட்டில் வைத்துப் பக்கத்து வீட்டுக்கு அனுப்புங்கள். அது அழகு. ஆனால் தானத்தையும் வியாபாரத்தையும் ஒரே சட்டியில் போட்டுக் கிண்டாதீர்கள். பாதி விலைக்கு விற்பதில் தானம் செய்த புண்ணியமும் இல்லை, விற்ற காசும் இல்லை.

பெரியம்மா அடுத்த வருஷம் விலையை மூன்று ரூபாய் ஆக்கினார். என் நோட்டுக்காக இல்லை, நாலு வீடு தள்ளி இருந்தவரின் கையைப் பார்த்துவிட்டு. ஆர்டர் கொஞ்சம் குறைந்தது. ஆனால் அண்டி ஆபீஸுக்குப் போனவர் திரும்பி வரவில்லை.

சில வருஷம் கழித்து ஆடி அமாவாசைக்குப் பெரியம்மாவைக் குழித்துறை வாவுபலிப் பொருட்காட்சிக்குக் கூட்டிப்போனேன். ஒரு கடையில் முந்திரிக்கொத்து பாக்கெட் இருந்தது, விலை ஒட்டி. கையில் எடுத்து முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். நல்லா இருக்கா, எண்ணெய் எப்படி என்றெல்லாம் கேட்கவில்லை.

‘மக்களே, இதுல உருட்டுனவளுக்கு எவ்வளவு வச்சிருப்பாங்க?’ என்றார்.

அடுத்த தடவை வீட்டில் செய்தது என்று யாராவது ஏதாவது விற்க வந்தால், பேரம் பேசுவதற்கு முன் நீங்களும் மனசுக்குள் இந்தக் கேள்வியைக் கேட்டுப் பாருங்கள். விற்கப் போகிறவர் நீங்கள் என்றால், முந்தின ராத்திரியே கேட்டுவிடுங்கள்.