வலி தெரியாத கை

வேலூரில் தொழுநோயாளிகளுக்கு அறுவை சிகிச்சை செய்துவந்த டாக்டர் பால் பிராண்ட் ஒருநாள் துருப்பிடித்த பூட்டு ஒன்றோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். சாவி அசையவே இல்லை. பக்கத்தில் நின்ற சிறுவன் சாவியை வாங்கி ஒரே திருப்பில் பூட்டைத் திறந்துவிட்டான். அவனும் அங்கே நோயாளிதான். இவ்வளவு பலம் எங்கிருந்து வந்தது என்று டாக்டர் வியப்பதற்குள் தரையில் ரத்தம் சொட்டியது. சாவி அவன் விரலை எலும்பு தெரியக் கிழித்திருந்தது. அவனுக்கு அது தெரியவில்லை.

1914-இல் கொல்லிமலையில் மிஷனரிப் பெற்றோருக்குப் பிறந்தவர் பிராண்ட். 1946-இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். இப்படிப்பட்ட காயங்களைக் கூர்ந்து பார்த்துப் பார்த்தே அவர் ஒரு முடிவுக்கு வந்தார். தொழுநோயில் விரல்கள் தாமாக அழுகி விழுவதில்லை. நோய் நரம்பைக் கெடுக்கிறது, அதோடு வலியும் போய்விடுகிறது. மீதியை அடுப்புச் சூடும் ஆணியும் இரவில் கடிக்கும் எலியும் பார்த்துக்கொள்கின்றன.

தொழுநோயைப் பாவத்துக்கு உவமையாகச் சொல்லிச் சொல்லியே பிரசங்க மேடைகள் அந்த நோயாளிகளை நிறையப் புண்படுத்திவிட்டன. அந்த உவமை இங்கே வேண்டாம். எடுத்துக்கொள்ள வேண்டியது ஒன்றுதான்: உணர்வு போனவருக்கு அது போனதே தெரிவதில்லை. மனசாட்சியும் அப்படி மரத்துப்போகும் என்று பவுல் தீமோத்தேயுவுக்கு எழுதியிருக்கிறார். அப்படியானால், தான் உணராத ஒன்றுக்கு ஒரு விசுவாசி பொறுப்பாளியா?

ஒரு வீட்டை எண்ணிப் பார்க்கலாம். விடியற்காலையில் குடும்ப ஜெபம் நடக்கிறது. முழங்காலில் நிற்கும் தாயின் கண்ணீர் பாயை நனைக்கிறது. எட்டு மணிக்கு வீட்டுவேலைக்கு வரும் பெண்ணுக்குக் கொல்லைப்புறத் திண்டில் காபி வைக்கப்படுகிறது. அதற்கென்று ஒரு எவர்சில்வர் தம்ளர் உண்டு. அவரே அதைக் கழுவிக் கவிழ்த்துவைத்துவிட்டுப் போவார், அது உள்ளே வராது. இதை மாய்மாலம் என்று சொல்லிவிட்டுக் கடந்துபோவது எளிது, ஆனால் அது சரியல்ல. அந்தக் கண்ணீர் உண்மையானது. உண்மையாக அழும் ஒருவருக்கு அந்தத் தம்ளர் உறுத்தாமலே இருக்க முடிகிறது என்பதுதான் பயங்கரம். கண்ட சகோதரனிடம் அன்பில்லாதவர் காணாத தேவனிடம் அன்புகூர முடியாது என்று யோவான் எழுதியதை அந்த வீட்டிலும் மனப்பாடமாகச் சொல்வார்கள்.

பூட்டைத் திறந்த சிறுவன்மேல் ஒரு குற்றமும் இல்லை. அவன் நரம்பை நோய் எடுத்துக்கொண்டது. தம்ளர் வைக்கும் கையை அவனோடு சேர்த்து மன்னித்துவிட முடியாது. சாதியின் மரப்பு பிறந்த வீட்டிலேயே வந்து ஒட்டிக்கொள்வதுதான், ஆனாலும் அதை யாரோ ஒருவர் தினமும் காப்பாற்ற வேண்டியிருக்கிறது. திருநெல்வேலிச் சீமையின் வடக்கன்குளத்தில் தேவாலயத்துக்குள்ளேயே சாதிகளைப் பிரித்துச் சுவர் இருந்தது. அதை இடித்தபோது வழக்கு நீதிமன்றம்வரை போனது. உணர்வில்லாமல் செய்ததை இழப்பதற்கு இத்தனை வேதனை ஏன்? இன்னொருவர் வலி எட்டாத இடத்தில் தன் கௌரவத்தின் வலி மட்டும் எட்டுகிறதே, அங்கேதான் பொறுப்பு தொடங்குகிறது.

எல்லார் துயரத்தையும் உணர்ந்துகொண்டே ஒரு மனிதர் எப்படி வாழ்வது என்பது நியாயமான கேள்விதான். தீவிர சிகிச்சைப் பிரிவில் இரவுப் பணி பார்க்கும் செவிலியர் ஒவ்வொரு படுக்கையிலும் உட்கார்ந்து அழுதால் ஊசி போட ஆளிருக்காது. ஆனால் அவர் அடக்கிவைப்பது கண்ணீரைத்தான், கவனத்தை அல்ல. இன்னொரு வகை மென்மையும் சபைகளில் ஏராளமாக உண்டு. போஸ்டரில் பெயர் விட்டுப்போனது, முன்வரிசையில் இடம் கிடைக்காதது என்று எதற்கும் நொந்துபோகும் மென்மை. மலைப்பிரசங்கத்தில் இயேசு காணிக்கையைப் பலிபீடத்தின் முன் வைத்துவிட்டுப் போகச் சொல்வது, தனக்குப் பிறர்மேல் உள்ள மனத்தாங்கலுக்காக அல்ல. பிறருக்குத் தன்மேல் உள்ள மனத்தாங்கலுக்காக.

பிறர் வலியை உணரும் அந்தக் கூருணர்வு எப்படி வளரும்? பிராண்ட் பின்னாளில் அமெரிக்காவின் கார்வில் தொழுநோய் மருத்துவமனையில் செயற்கையாக வலியை உண்டாக்க முயன்றார். உணர்கருவிகள் பொருத்திய கையுறை, அழுத்தம் மிகுந்தால் சுருக்கென்று மின்னதிர்ச்சி. முயற்சி தோற்றது. ஒரு வேலையை முடித்தே ஆக வேண்டும் என்று தோன்றினால் நோயாளிகள் இணைப்பைத் துண்டித்துவிட்டு வேலையைத் தொடர்ந்தார்கள். உருக்கமான பிரசங்கங்களை நம்பியிருப்பவர்கள் இதை யோசிக்க வேண்டும். கன்வென்ஷன் பந்தலில் குத்துண்ட மனம் வீடு திரும்புவதற்குள் இணைப்பைத் துண்டித்துவிடும்.

தொழுநோய் மருத்துவம் கற்றுத்தருவது வேறு ஒரு பழக்கம். உணர்விழந்தவர் தினமும் உட்கார்ந்து பாதத்தைத் திருப்பி, விரலிடுக்குகளை விலக்கி, கொப்புளம் உண்டா, வெடிப்பு உண்டா என்று கண்ணால் பார்க்க வேண்டும். வலிக்கும்வரை காத்திருக்கக் கூடாது. சபைக்கும் இப்படி ஒரு பழக்கம் கொடுக்கப்பட்டிருக்கிறது. திருவிருந்துக்கு முன் தன்னைத்தான் சோதித்தறிய வேண்டும் என்பது பவுல் கொரிந்தியருக்கு இட்ட கட்டளை. நம் ஆராதனைகளில் அது கண்ணை மூடி, அந்தரங்கப் பாவங்களை நினைவுகூரும் சில நிமிடங்களாகச் சுருங்கிவிட்டது. பவுல் கொதித்தெழுந்த காரணமோ வேறு. கொரிந்துவில் வசதியுள்ளவர்கள் முந்திக்கொண்டு சாப்பிட்டுக் குடித்துவிட, இல்லாதவர்கள் பசியோடும் வெட்கத்தோடும் உட்கார்ந்திருந்தார்கள். அந்தச் சோதனையைக் கண்ணை மூடிக்கொண்டு செய்ய முடியாது. பந்தியில் யார் எங்கே உட்கார்ந்திருக்கிறார், யாருக்கு எந்தப் பாத்திரம், யார் வரவே இல்லை என்று பார்த்தாக வேண்டும்.