கரிநெருப்பும் சுட்ட மீனும்



போன ஞாயிற்றுக்கிழமை திருநெல்வேலிப் பக்கம் ஒரு கிராமத்துச் சபைக்கு ஆராதனைக்குப் போயிருந்தேன். பிரசங்கம் முடிந்ததும் சாட்சி சொல்ல நேரம் கொடுத்தார்கள். சாட்சி நேரம் எப்படி இருக்கும் என்று உங்களுக்கே தெரியும். மகனுக்குத் துபாயில் வேலை கிடைத்தது, ஸ்தோத்திரம். மகளுக்கு வரன் அமைந்தது, ஸ்தோத்திரம். ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது, பட்டா கைக்கு வந்தது. எல்லாம் நன்றி சொல்ல வேண்டிய காரியங்கள்தாம். ஒவ்வொன்றுக்கும் சபையார் சேர்ந்து அல்லேலூயா சொன்னார்கள்.

கடைசியில் பெண்கள் பக்கத்திலிருந்து ஓர் ஆச்சி எழுந்தார். எண்பதை நெருங்கும் வயது. முக்காட்டைச் சரிசெய்துகொண்டு, "இந்த வாரம் பூரா ஆண்டவர நெனச்சு நெனச்சு எனக்கு ஒரே சந்தோசமா இருந்துச்சு" என்றார். உட்கார்ந்துவிட்டார்.

மேலே ஏதோ வரப்போகிறது என்று எல்லோரும் காத்திருந்தார்கள். குருவானவரும், "ஆண்டவர் என்ன நன்மை செய்தாரும்மா? சொல்லுங்க" என்று கனிவாகக் கேட்டார். ஆச்சிக்குக் கேள்வி பிடிபடவில்லை. "அதான் சொன்னேனே ஐயா" என்றார். அல்லேலூயாவை எந்த இடத்தில் சொல்வதென்று யாருக்கும் விளங்கவில்லை. பாடகர் குழு அடுத்த பாட்டைத் தொடங்கிவிட்டது.

எனக்கு அந்தச் சாட்சியை அப்படியே விட மனமில்லை. ஆராதனை முடிந்து அவர் வீட்டுக்கே போனேன். பழைய ஓட்டுவீடு. திண்ணையில் பனையோலைப் பெட்டி ஒன்று பாதி முடைந்தபடி இருந்தது. ஓய்வுநாள் என்பதால் அன்றைக்கு அதைத் தொடவில்லையாம். "ஆச்சி, அப்படி என்னத்த நெனச்சீங்க?" என்று கேட்டேன்.

பேத்தி யோவான் சுவிசேஷத்தின் 21ஆம் அதிகாரத்தை வாசித்துக் காட்டியிருக்கிறாள். ஆச்சி அதைப் பிடித்துக்கொண்டார். இராத்திரி முழுக்க வலை போட்டும் ஒன்றும் அகப்படாத சீஷர்கள். விடியற்காலை திபேரியாக் கடற்கரையில் உயிர்த்தெழுந்த இயேசு வந்து நிற்கிறார். படகுக்கு வலதுபுறமாக வலையைப் போடச் சொல்கிறார். 153 பெரிய மீன்கள்! பிரசங்கங்களில் நாம் வழக்கமாக நின்றுவிடுகிற இடம் அது. ஆச்சி நின்ற இடம் வேறு.

"அந்த மீன விடுங்க தம்பி. இவுக கரையேறி வந்து பாத்தா, அவரு முன்னாலயே கரி போட்டு நெருப்பு உண்டாக்கி, மீனச் சுட்டு வச்சிருக்காரு. அப்பமும் வச்சிருக்காரு. சாவையே செயிச்சு வந்தவரு தம்பி! அவரு போயி அடுப்பு மூட்டியிருக்காரு, இந்தப் பிள்ளைக பசியோட வருமேன்னு."

சொல்லும்போதே சிரித்தார், கண்ணும் நிறைந்துவிட்டது. முந்தானையால் துடைத்துக்கொண்டு மறுபடி ஆரம்பித்தார். "இன்னொண்ணு கவனிச்சீகளா? அவருகிட்ட மீனு இருக்கு. இருந்தும், நீங்க புடிச்சதுலயும் கொஞ்சம் கொண்டாங்கன்னு கேக்காரு. அதுவும் அவரு குடுத்த மீனுதான். ஆனாலும் நீங்க புடிச்சதுங்காரு. என்ன ஒரு தன்மை பாத்தீகளா!"

ஓலை வகிரும்போதும் தண்ணீர் பிடிக்கும்போதும் வாரம் முழுவதும் இதுவே அவர் மனதில் ஓடியிருக்கிறது. அவருக்குக் குறை இல்லாமல் இல்லை. என்னை வழியனுப்ப எழுந்திருக்கவே தூணைப் பிடிக்க வேண்டியிருந்தது. வெளியூரில் இருக்கும் மகன் பணம் அனுப்பி மாதக்கணக்காகிறது என்று வாசலில் வைத்துப் பேத்தி சொன்னாள். இவற்றையெல்லாம் அவர் ஆண்டவரிடம் சொல்லாமலும் இருந்திருக்க மாட்டார். ஆனால் சபை நடுவே எழுந்து நின்றபோது, இயேசு எப்பேர்ப்பட்டவர் என்பது மட்டுமே அவருக்குச் செய்தியாக இருந்தது.

37ஆம் சங்கீதத்தின் நாலாம் வசனம் நமக்கெல்லாம் மனப்பாடம். கர்த்தரிடத்தில் மகிழ்ந்திருக்கச் சொல்கிறது முன்பாதி. இருதயத்தின் வேண்டுதல்களை அவர் தருவார் என்கிறது பின்பாதி. புதுவருட ஆராதனையில் வாக்குத்தத்த அட்டை எடுக்கும்போது இந்த வசனம் வந்துவிட்டால் நம் கண் எந்தப் பாதிக்கு ஓடுகிறது? கொஞ்சம் கண்டிப்பாகவே சொல்கிறேன். ஊரிலிருந்து வந்த மாமாவின் முகத்தைப் பார்க்காமல் அவர் கைப்பையையே பார்த்துக்கொண்டு நிற்கும் பிள்ளைகளைப் போலத்தான் பல வேளைகளில் நாம் ஜெபத்துக்கு வருகிறோம். பையில் இருப்பதையும் அவர் தருவார், சந்தேகமில்லை. ஆனால் வந்திருப்பவர் யார்? அந்த முகத்தையே நோக்கியவர் பவுல். விலங்கிடப்பட்டிருந்த நிலையில் பிலிப்பியருக்கு எழுதுகிறார். அந்த நிருபத்தில் சந்தோஷம் திரும்பத் திரும்ப வருகிறது. கிறிஸ்துவை அறிவதற்கு முன்னால் மற்ற எல்லாவற்றையும் நஷ்டமென்று தள்ளிவிட்டவர் அவர்.

அதே வழியில் வந்தவர், இதே திருநெல்வேலிச் சீமையில் 1827இல் பிறந்த எச். ஏ. கிருஷ்ண பிள்ளை. வைணவக் குடும்பம், ஆழ்ந்த தமிழ்ப் புலமை. சாயர்புரத்தில் தமிழாசிரியராக இருந்தவர் 1858இல் ஞானஸ்நானம் பெற்றார். 1894இல் 'இரட்சணிய யாத்திரிகம்' என்ற காவியத்தைத் தந்தார். நம் சபைகளில் இன்றும் பாடப்படும் 'சத்தாய் நிஷ்களமாய்' அவர் இயற்றியதுதான். ஆண்டவரைவிட்டால் எனக்குத் துணை யார், உறவு யார் என்று உருகுகிற பாட்டு. சுற்றமும் மரபும் எவ்வளவு பெரியவை என்று அறிந்த ஒருவர் பாடியது அது. அதைக் காணிக்கை எடுக்கும் நேரத்தில், பர்ஸுக்குள் சில்லறை தேடிக்கொண்டே பாடுகிறவர்களைப் பார்க்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

இன்று காலை ஜெபிக்க உட்காரும்போது விண்ணப்பங்கள் சற்றுப் பொறுக்கட்டும். சுவிசேஷத்தில் அவர் செய்தவற்றில் உங்கள் மனதை அள்ளிய ஒன்றை முதலில் அவரிடமே சொல்லுங்கள். நாயீன் ஊரில் மகனைப் பறிகொடுத்த விதவையிடம் அழாதே என்று சொன்னாரே, அதுவாக இருக்கலாம். யவீருவின் மகளை உயிரோடு எழுப்பிய கையோடு, பிள்ளைக்குச் சாப்பிட ஏதாவது கொடுங்கள் என்றாரே, அதுவாகவும் இருக்கலாம். சொல்லிவிட்டு வேலைக்குக் கிளம்புங்கள்.