உன்னை யார் கேட்டா?

செல்போனில் ஒரு செய்தி படித்துக்கொண்டிருக்கிறீர்கள். அடுத்த பக்கத்துக்கான பட்டனை நோக்கி விரல் போகிறது. விரல் கண்ணாடியைத் தொடுவதற்கு ஒரு கணம் முன்னால், எங்கிருந்தோ ஒரு விளம்பரம் நடுவில் வந்து உட்கார, மொத்தப் பக்கமும் ஒரு அங்குலம் கீழே இறங்குகிறது. நீங்கள் தொட்டது முழங்கால் வலித் தைலம். உங்களுக்கு முழங்கால் வலியே கிடையாது. 'சே' என்று திரும்பி வருகிறீர்கள்.

இதில் ஒரு நீதிக் கேள்வி ஒளிந்திருக்கிறது என்றால் சிரிப்பீர்கள். ஒருவர் பார்த்துக்கொண்டிருக்கும் பக்கத்தில், அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, அவரைக் கேட்காமல் புதிதாக ஒன்றைச் சேர்க்க இன்னொருவருக்கு உரிமை உண்டா? கேள்வி இதுதான்.

அச்சுக்கு இந்தத் தொல்லை இல்லை. நீங்கள் இப்போது படிக்கும் வரி, அதை முடிப்பதற்குள் நகர்ந்துவிடாது. 1991ல் டிம் பெர்னர்ஸ் லீ ஜெனிவா அருகே செர்ன் ஆய்வுக்கூடத்தில் முதல் வெப் தளத்தைத் திறந்தபோது அதுவும் இப்படித்தான் சாதுவாக இருந்தது. அனுப்பியது வரும், வந்தது அப்படியே நிற்கும்.

1995ல் ஜாவா ஸ்க்ரிப்ட் வந்தது. நெட்ஸ்கேப் கம்பெனியில் ப்ரெண்டன் ஐக் என்பவர் பத்தே நாளில் அதன் முதல் வடிவத்தை எழுதி முடித்தார். 1998ல் ஒரு வெப் பக்கத்தை மரம் போலப் பார்ப்பதற்கான பொது விதிகள் வெளியாயின. அந்த மரத்தில் பெற்றோர் உண்டு, பிள்ளைகள் உண்டு. புதிதாக ஒரு பட்டன் வேண்டுமா? ஒரு கட்டளையில் அதைப் படைக்கலாம். ஆனால் அது இன்னும் கண்ணுக்குத் தெரியாது. கம்ப்யூட்டரின் நினைவில் மட்டும் இருக்கும். அடுத்த கட்டளையில் மரத்தில் ஏதாவது ஒரு கிளைக்குப் பிள்ளையாகச் சேர்த்தால்தான் திரைக்கு வரும். கிட்டத்தட்ட சுவீகாரம். இன்னொரு கட்டளையில் சுவடில்லாமல் நீக்கியும் விடலாம். 2004ல் ஜிமெயில், 2005ல் கூகுள் மேப்ஸ் இரண்டும் வந்தபோது, பக்கம் திரும்ப வராமலேயே அதன் உள்ளடக்கம் மாறுவதை உலகம் முழுக்கப் பார்த்து வியந்தார்கள்.

வியப்பில் தப்பில்லை. ரயில் டிக்கெட் போடும்போது 'பயணியைச் சேர்' என்று அழுத்தியதும் ஒரு புது வரிசை முளைக்கிறதே, அது இந்தக் கட்டளையின் புண்ணியம். மாநிலத்தைத் தேர்ந்தெடுத்ததும் மாவட்டப் பட்டியல் வருவதும் அப்படியே. இவை நல்ல பந்தி பரிமாறுகிற ஆள் மாதிரி. நீங்கள் ரசம் கேட்டீர்கள், ரசம் வந்தது. கேட்காத பாயசத்தோடு வந்தாலும் அவர் ஒரு விநாடி நிற்பார். இலைக்கு மேல் நீங்கள் கையை நீட்டி மறித்தால் நகர்ந்துவிடுவார். அந்த ஒரு விநாடியில்தான் மரியாதை இருக்கிறது.

அதை எண்ணால் அளக்கவும் முயன்றிருக்கிறார்கள். பார்க்கும்போதே பக்கம் எவ்வளவு குதிக்கிறது என்பதற்கு 2020ல் கூகுள் ஒரு மதிப்பெண் அறிவித்தது. 0.1 அல்லது அதற்குக் கீழே இருந்தால் நல்ல பக்கம். சுவாரசியம் அதன் விதிவிலக்கில் இருக்கிறது. நீங்கள் தொட்ட, க்ளிக் செய்த, எழுத்தைத் தட்டிய அரை விநாடிக்குள் பக்கம் நகர்ந்தால் அது குற்றக் கணக்கில் சேராது. நீங்கள் கேட்டீர்கள், வந்தது. அதே நகர்வு நீங்கள் சும்மா இருக்கும்போது நடந்தால் குற்றம். திரையில் நடப்பது ஒன்றேதான். யார் கேட்டு நடந்தது என்பதில் அதன் நியாயம் மாறிவிடுகிறது.

இன்னும் ஒரு நுணுக்கம். விரலால் பக்கத்தை மேலே தள்ளிக்கொண்டே போகிறீர்களே, அந்த ஸ்க்ரோலை இந்தக் கணக்கு 'கேட்டது' என்று ஒப்புக்கொள்வதில்லை. ஆனால் உங்கள் செல்போனில் பாதி ஆப்கள் அப்படித்தான் ஓடுகின்றன. தள்ளத் தள்ள அடியில் புதுசு புதுசாகச் சேர்ந்துகொண்டே இருக்கும். 2006ல் இந்த முடிவில்லாப் பக்கத்தை வடிவமைத்தவர் என்று சொல்லப்படும் ஆஸா ராஸ்கின், பிற்பாடு பேட்டிகளில் அதற்காக வருந்தினார். கையை நீட்டி மறிக்க அங்கே இலையே இல்லை. ராத்திரி பன்னிரண்டு மணிக்கு 'இதை நானா கேட்டேன்?' என்று நீங்கள் யோசித்தால், ஆமாம் என்றும் சொல்ல முடியாது, இல்லை என்றும் சொல்ல முடியாது.

சரி, கேட்காமல் வருவதெல்லாம் தப்பா? பக்கத்து வீட்டுக்காரர் நள்ளிரவில் கதவைத் தட்டி 'உங்க வீட்ல புகை வருது' என்றால், 'உன்னை யார் கேட்டா?' என்றா திட்டுவீர்கள்?

இதற்கும் வெப் விதிகளில் அழகான ஏற்பாடு இருக்கிறது. பார்வையற்றவர்கள் ஸ்க்ரீன் ரீடர் என்ற மென்பொருள் வழியே பக்கத்தைக் காதால் படிக்கிறார்கள். திரையின் மூலையில் புதிதாக ஒரு செய்தி முளைத்தால் அது அவர்களுக்குத் தெரியாது. அதனால் 2014ல் முழு அங்கீகாரம் பெற்ற ஒரு விதித்தொகுப்பில், புதிதாகச் சேர்வதை எப்படி அறிவிப்பது என்று வகைப்படுத்தினார்கள். ஒரு வகைக்குப் பெயர் 'பொலைட்'. அதாவது மரியாதையாக. வாசித்துக்கொண்டிருக்கும் வாக்கியம் முடியும்வரை காத்திருந்து பிறகு சொல்லும். இன்னொன்று 'அசர்ட்டிவ்'. வாசிப்பை வெட்டிக்கொண்டு உடனே பேசும். அதை அவசரத்துக்கு மட்டும் வைத்துக்கொள்ளச் சொல்கிறார்கள். மரியாதை என்ற சொல்லை கம்ப்யூட்டர் கட்டளைக்குள்ளேயே எழுதி வைத்தவர்களுக்கு ஒரு வணக்கம்.

ஆனால் விளம்பரம் போடுகிறவரும் 'உங்கள் நன்மைக்குத்தான் சார்' என்பார். புகையையும் தைலத்தையும் எப்படிப் பிரிப்பது?

ஜெர்மன் தத்துவ அறிஞர் இமானுவேல் கான்ட், 1795ல் நிரந்தர அமைதி பற்றி எழுதிய சிறு நூலில் ஒரு சோதனை சொல்கிறார். பிறர் உரிமையைத் தொடும் ஒரு காரியத்தின் நோக்கத்தை வெளியே சொன்னால் அந்தக் காரியமே கெட்டுப்போகும் என்றால், அது அநியாயம். அவர் அரசாங்கங்களை மனதில் வைத்து எழுதினார். பட்டன்களுக்கும் பொருந்துகிறது.

விமான டிக்கெட் வாங்குகிறீர்கள். பணம் கட்டும் கடைசிப் பக்கத்தில் பயணக் காப்பீடு தானாக வந்து ஒட்டிக்கொண்டிருக்கிறது. 'நீங்கள் கவனிக்க மாட்டீர்கள் என்று நம்பி இதைச் சேர்த்திருக்கிறோம்' என்று அதன் பக்கத்திலேயே எழுத முடியுமா? எழுதினால் வியாபாரம் போச்சு. கான்ட் பரிட்சையில் ஃபெயில்.

இந்த மாதிரித் தந்திரங்களுக்கு ஹாரி ப்ரிக்னல் என்ற பிரிட்டிஷ் வடிவமைப்பாளர் 2010ல் 'டார்க் பேட்டர்ன்' என்று பெயர் வைத்தார். நம் நாட்டில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பரில் இவற்றில் 13 வகைகளைப் பட்டியலிட்டுத் தடை செய்தது. கேட்காத பொருளைக் கூடையில் நுழைப்பது அதில் ஒன்று. விமான டிக்கெட்டோடு காப்பீட்டைத் தானாகச் சேர்ப்பதை உதாரணமாகவே சொல்லியிருக்கிறார்கள். 'வேண்டாம், நான் பாதுகாப்பில்லாமலே இருந்துகொள்கிறேன்' என்று நம் வாயாலேயே சொல்லவைத்து வெட்கப்படுத்துவதும் பட்டியலில் உண்டு.

சட்டம் கம்பெனியைப் பிடிக்கும். அந்த மூன்று வரியை எழுதிய கையை?

அந்தக் கை ஓ.எம்.ஆரில் ஒரு கண்ணாடிக் கட்டடத்தின் நாலாவது மாடியில் இருக்கலாம். உங்கள் வீட்டுப் பிள்ளையாகவே இருக்கலாம். 'அந்த இன்ஷூரன்ஸ் டிக்கை நாமளே போட்டு வெச்சிடலாம்பா' என்று மேலே இருந்து சொல்கிறார்கள். வீட்டுக் கடன் இருக்கிறது. தான் எழுதாவிட்டால் பக்கத்து சீட்காரர் எழுதுவார். லாபமும் தனக்கு இல்லை. வாதங்கள் எல்லாமே நிஜம். அவரை வில்லன் என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

ஆனால் ஒன்று. செய்தித்தாளில் பொய் வந்தால் லட்சம் பேர் ஒரே பொய்யைப் படிப்பார்கள். யாராவது ஒருவர் கண்டுபிடிப்பார். இந்தப் பக்கம் உங்கள் கையிலேயே, உங்களுக்காக மட்டும் கட்டப்பட்டு, மூடியதும் கலைந்துபோகிறது. எதிர் வீட்டுக்காரருக்குக் காப்பீடு ஒட்டியதா என்று உங்களுக்குத் தெரியாது. அங்கே என்ன, எப்போது, எதற்காக முளைக்கும் என்று முழுசாகத் தெரிந்தவர் அந்த வரிகளை எழுதியவர்தான். தெரிந்தவருக்குத் தெரியாதவரைவிடக் கடமை கொஞ்சம் கூடுதல். வேலையை விட்டுவிட வேண்டியதில்லை. மீட்டிங்கில் ஒரே ஒரு தடவை, 'இதைக் கஸ்டமர் கேட்டாரா?' என்று கேட்கலாம். அதற்கு முகம் பார்த்துப் பதில் சொல்ல முடியாத அறை, தானே கொஞ்சம் கூனிக் குறுகும்.

உங்களுக்கு? அடுத்த முறை பணம் கட்டும் முன் பில்லை மேலிருந்து கீழ்வரை நிதானமாகப் படியுங்கள். கேட்காதது ஏதாவது இருந்தால், வீட்டில் யாரும் இல்லாத நேரமாகப் பார்த்து, போனிடம் உரக்கவே கேளுங்கள்: 'உன்னை யார் கேட்டா?'

போன் பதில் சொல்லாது. நுகர்வோர் உதவிக்கு 1915 என்று ஒரு எண் இருக்கிறது. அதில் சொல்வார்கள்.