'நம்மவன்' என்னும் சொல்

ஒருவரை 'நம்மவர்' என்று சொல்லிக்கொள்ளும் உரிமை நமக்கு எப்போது பிறக்கிறது? பல நாட்களாக என் உள்ளத்தை அரித்துக்கொண்டிருக்கும் கேள்வி இது. இதற்குக் காரணமான நிகழ்ச்சியை முதலில் கூறிவிடுகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் கள்ளக்குறிச்சியில் ஒரு பள்ளியின் விளையாட்டு விழாவுக்குச் சென்றிருந்தேன். 1500 மீட்டர் ஓட்டத்தில், கல்வராயன் மலையிலிருந்து வந்த மாணவன் ஒருவன் வெறுங்காலுடன் ஓடி முதலாவதாக வந்தான். "நம்ம ஊர்ப் பையன்!" என்று திடல் ஆர்ப்பரித்தது. ஆர்ப்பரித்தவர்களுள் நானும் ஒருவன். பரிசு வாங்க மேடையேறியபோதுதான் அவன் முகம் எனக்கு அடையாளம் தெரிந்தது. தங்கிப் படிக்க இடம் தேடி, இரண்டு மாதங்களுக்கு முன் தன் தந்தையுடன் எங்கள் தெருவில் வீடுவீடாக நின்ற பிள்ளை அவன். "மலைக்காரர்கள், நமக்குச் சரிப்படாது" என்று சிலர் கதவைச் சாத்தினர். என் வீட்டில் ஓர் அறை காலியாக இருந்தது. நான் கதவைச் சாத்தவில்லை. "பார்க்கலாம்" என்று சொல்லி அனுப்பினேன். இரண்டுக்கும் பெரிய வேறுபாடு இல்லை என்பது அந்தத் தந்தைக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

திடலில் நம்மவனாகிவிட்ட பிள்ளை தெருவில் ஏன் அயலானாக நின்றான்? ஒரு தெருவின் கதை மட்டுமன்று இது. ஒரு நாட்டின் வரலாற்றிலேயே இது நிகழ்ந்திருக்கிறது.

1958ஆம் ஆண்டு மே 24 முதல் ஜூன் 1 வரை டோக்கியோ நகரில் மூன்றாவது ஆசிய விளையாட்டுப் போட்டி நடைபெற்றது. அதில் உயரம் தாண்டுதலில் 6 அடி 8 அங்குலம் தாண்டித் தங்கப் பதக்கம் வென்றார் நாகலிங்கம் எதிர்வீரசிங்கம். யாழ்ப்பாணத்துப் பெரியவிளானில் பிறந்து, யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியில் பயின்றவர். 1952இல் ஹெல்சிங்கியிலும் 1956இல் மெல்பர்னிலும் ஒலிம்பிக் களம் கண்டவர். ஆசிய விளையாட்டுப் போட்டிகளில் இலங்கை பெற்ற முதல் தங்கம் அவர் பெற்றுத் தந்ததே.

அவர் இவ்வாறு நாட்டின் பெயரை உயர்த்திய அந்த நாட்களில் நாட்டின் நிலை என்ன? சிங்களத்தை மட்டுமே ஆட்சிமொழியாக்கிய சட்டம் 1956இல் நிறைவேறியிருந்தது. அதைத் தொடர்ந்து வளர்ந்த பகை 1958 மே மாத இறுதியில் தமிழருக்கு எதிரான பெருங்கலவரமாக வெடித்தது. மே 27ஆம் நாள் அவசரநிலை அறிவிக்கப்பட்டது. உயிரும் உடைமையும் இழந்தோர் பலர். கொழும்பிலிருந்து அகதிகளைக் கப்பலேற்றி யாழ்ப்பாணத்துக்கு அனுப்ப வேண்டியதாயிற்று. டோக்கியோவில் இலங்கையராக வென்றவருடைய மக்கள், இலங்கையில் தமிழர் என்பதற்காகவே தாக்கப்பட்டனர். பதக்கம் நாட்டுக்கு உரியது. பதக்கம் வென்றவரின் இனம் மட்டும் நாட்டுக்கு உரியதன்று! இது என்ன கணக்கு?

நான்கு ஆண்டுகள் கழித்து, 1962இல் ஜகார்த்தாவில் நடந்த போட்டியிலும் எதிர்வீரசிங்கம் அதே நாட்டுக்காகத் தாண்டினார், வெள்ளி வென்றார். 2024இல் அவர் மறைந்தார். அவர் பங்கில் குறை காண எவராலும் இயலாது.

இங்கே ஒரு மறுப்பு எழலாம். "வீரன் தனியாகவா வென்றான்? பள்ளியும் பயிற்சியும் பயணமும் நாடு கொடுத்தவை அல்லவா? எனவே வெற்றியில் நாட்டுக்கும் பங்குண்டு" என்பர். உண்மைதான். அதிலும் சிறிய நாடுகளுக்கு அந்தப் பங்கு மிகவும் இனியது. 2019 டிசம்பரில் நேபாளத்தில் நடந்த தெற்காசிய விளையாட்டுப் போட்டியில் இந்தியா 174 தங்கம் வென்றது. அவற்றை முழுமையாக நினைவில் வைத்திருப்போர் அரியர். மாலத்தீவு வென்ற தங்கம் ஒன்றே ஒன்று. 100 மீட்டர் ஓட்டத்தில் ஹசன் சயீத் பெற்றுத் தந்த அந்த ஒன்றைத் தீவு மக்கள் மறக்க முடியுமா? அந்த மகிழ்ச்சியைத் தவறென்று நான் கூறமாட்டேன்.

பங்கு கேட்பது தவறன்று. பங்கின் ஒரு பாதியை மட்டும் கேட்பதே தவறு. ஃபிக்ஹு நூல்களை ஓதியவர்கள் அறிந்த விதி ஒன்றுண்டு: ஒரு பொருளின் ஆதாயம் யாருக்கோ, அதன் நட்டப் பொறுப்பும் அவருக்கே. கூட்டு வணிகத்தில் இலாபம் வரும் நாளில் மட்டும் கூட்டாளியாக இருப்பேன் என்று எவரும் சொல்ல முடியாது. மனிதருக்கு இடையிலான உறவும் அப்படித்தான். ஒருவனுடைய பெருமையில் நமக்குப் பங்குண்டு என்றால், அவனுடைய பசியிலும் அச்சத்திலும் இழிவிலும் நமக்குப் பங்குண்டு. அவனுக்கு நம்மீது ஹக்கு உண்டு. அதை நிறைவேற்றாமல் 'நம்மவன்' என்பது, பிறர் தோட்டத்துப் பழத்தைச் சந்தையில் விற்பது போன்றது.

நம் கல்வராயன் மலை மக்களை எண்ணிப் பாருங்கள். 1947இல் நாடு விடுதலை பெற்றது. அம்மலையோ 1976 வரை ஜாகீர்தார்களின் பிடியில் இருந்தது. நாம் ஓடத் தொடங்கி 29 ஆண்டுகள் கழித்தே அவர்கள் புறப்படும் கோட்டுக்கு வந்து சேர்ந்தார்கள். அப்படி வந்தவர்களின் பிள்ளை முந்தி ஓடியபோது, அவன் ஓட்டத்தில் நாம் கொடுத்தது என்ன? கைதட்டலைத் தவிர வேறு எதுவும் என் நினைவுக்கு வரவில்லை.

மறுவாரம் அவனைத் தேடிச் சென்றேன். தொலைவில் உறவினர் ஒருவர் வீட்டில் தங்கிப் பள்ளிக்கு வந்துகொண்டிருந்தான். அறை இருக்கிறது என்றேன். "இப்போது இடம் இருக்கிறது, ஐயா" என்று பணிவாகச் சொல்லிவிட்டான். அவன் வேண்டிய நாளில் கொடாததை, எனக்கு வேண்டிய நாளில் கொடுக்கப் போனேன், அவ்வளவே. அடுத்த ஆண்டிலிருந்து அந்த அறையில் மலையிலிருந்து வரும் மாணவர்கள் தங்கிப் படிக்கிறார்கள். அதனால் பழைய கடன் தீர்ந்துவிட்டதாக நான் கருதவில்லை.

'நம்மவன்' என்னும் சொல் ஓர் அமானிதம். வெற்றி மேடையைக் கண்டு அதைச் சொல்லுமுன், வாசலில் நின்றபோதும் அவனை அப்படி அழைத்தோமா என்று ஒவ்வொருவரும் தத்தம் உள்ளத்தைக் கேட்டுக்கொள்வோமாக.