சுவருக்கு இப்பால்

1936இல் இராசபாளையம் மில் நிறுவப்பட்டது. சேத்தூர் வட்டாரத்தில் பஞ்சும் நூலும் தறியும் பல வீடுகளில் அடுப்பெரியச் செய்கின்றன. அருகே சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணி நெய்கிறார்கள். பிறர் புண்ணைக் கட்டும் துணி அது; அதை நெய்கிறவரின் செவிப்புண்ணுக்கோ கட்டில்லை. பல்லாண்டு தறியோசையில் நின்றால் உட்செவியின் நுண்மயிர் அணுக்கள் அழிகின்றன. அழிந்தவை மீண்டும் முளைப்பதில்லை. குறைந்துபோன ஒலியை ஈடுசெய்ய முனையும் மூளை, இல்லாத ஓசையைத் தானே எழுப்பிக்கொள்கிறது என்பர் மருத்துவர். அதுவே காதிரைச்சல். இசைமேதை பீத்தோவன் 1801இல் நண்பருக்கு எழுதிய கடிதத்தில் முறையிட்டதும் இதனையே.

இத்தகையவர் அண்டை வீட்டாரிடம், "ஒலியைச் சற்றே குறையுங்கள்" என்று கேட்கும்போது எழும் வினா நாம் எண்ணுவதினும் கடினமானது. அவருடைய நோவு பிறர் கண்ணுக்குத் தெரியாது; பிறர் செவிக்கும் எட்டாது. முழு அமைதியும் அவருக்கு ஆகாது. ஊரடங்கிய நள்ளிரவில்தான் இரைச்சல் ஓங்கும். மின்விசிறியின் மெல்லொலி அவருக்குத் துணை. திடீரென அதிரும் ஒலிபெருக்கியோ வதை. "விசிறிச் சத்தத்தில் உறங்குகிறவருக்கு எங்கள் வீட்டுப் பாட்டு மட்டும் உறுத்துகிறதோ?" என்று கேட்பாரும் உளர். அது கேலியன்று, அறியாமை.

சட்டம் இல்லாமல் இல்லை. 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55, இரவில் 45 டெசிபல் என்று வரம்பிட்டன. அவ்வாண்டே சென்னைத் தேவாலயம் ஒன்றின் ஒலிபெருக்கி வழக்கில், பிறர் அமைதியைக் குலைத்து வழிபடும் உரிமை எவர்க்கும் இல்லையென உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அது தேவாலயத்துக்கு மட்டுமன்று, நம் மினாராக்களுக்கும் உரிய தீர்ப்பே.

எனினும் கருவி ஒலியை அளக்குமேயன்றிக் கேட்பவரின் செவியை அளக்காது. முள் 45இல் நின்றதும் சட்டம் விடைபெற்றுக்கொள்கிறது. அதற்கப்பால் இருப்பது அவருடைய வாய்ச்சொல் ஒன்றே. அண்டை வீட்டாரின் ஹக்கைப் பற்றி நாம் நிரம்பப் பேசுகிறோம். பசிக்கிறது என்பவனிடம் சான்று கேட்கிறோமா? இங்கு மட்டும் ஏன் கேட்கவேண்டும்?

நம்பிவிட்டால் எல்லாம் கொடுத்தாக வேண்டும் என்பதன்று. தறியை நிறுத்து என்று கேட்க அவருக்கு உரிமையில்லை. அவ்வொலியில் ஒரு குடும்பத்தின் கூலி இருக்கிறது. கலியாண வீட்டு ஒலிபெருக்கியில் அப்படி எதுவும் இல்லை. தறியைப் படுக்கையறைச் சுவரை ஒட்டிப் போடாதிருக்கலாம்; அதன் கால்களுக்கு ரப்பர் வைக்கலாம். வைபவம் என்றால் முதல்நாளே ஒரு சொல் சொல்லலாம். சொல்லிவிட்டால் அவர் அன்றிரவு தம்பி வீட்டில் படுத்துக்கொள்வார்.