காப்பி டம்ளரில் ஒரு ரகசியம்

கோவைப் பக்கம் யார் வீட்டுக்காவது போய்ப் பாருங்கள். சொம்பில் தண்ணீர் வந்த கையோடு கேள்வியும் வரும். 'காப்பிக்குச் சக்கரை போடலாமுங்களா?' கொஞ்சம் தயங்கினால், 'அப்ப நாட்டுச் சக்கரை போட்டறட்டுங்களா... அது ஒண்ணும் பண்ணாதுங்க!'

பண்ணும். கவுந்தப்பாடி நாட்டுச் சர்க்கரையின் மணமே தனி. பழநிப் பஞ்சாமிர்தத்துக்குப் போகிற சரக்கு. ஆனால், அதிலும் பெரும்பகுதி வெள்ளைச் சர்க்கரையில் உள்ள அதே சுக்ரோஸ்தான். ரத்தத்துக்கு நிறம் தெரியாது. (1912-ல் தொடங்கிய கரும்பு ஆராய்ச்சி நிலையமும், அங்கே பிறந்து 1918-ல் வெளிவந்த 'கோ 205' கரும்பும் கோவையின் பெருமை. இனிப்பைக் குறை சொன்னால் இந்த ஊருக்குக் கோபம் வருவது நியாயம்தான்.)

சரி, மாத்திரை? சாக்கரினை 1879-ல் கண்டுபிடித்தார்கள். எலிகளுக்குப் புற்றுநோய் வந்ததென்று 1977-ல் அமெரிக்கா தடை செய்யப் பார்த்து, கடைசியில் எச்சரிக்கை வாசகத்தோடு விட்டது. எலிக்கு வந்த வழி மனிதனுக்குப் பொருந்தாது என்று தெரிந்து 2000-ல் அதையும் எடுத்துவிட்டார்கள். அஸ்பார்ட்டேமை 2023 ஜூலையில் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வுப் பிரிவு 'புற்றுநோய் உண்டாக்கக்கூடும்' என்ற பட்டியலில் சேர்த்தது. கற்றாழையின் முழு இலைச் சாறும் அதே பட்டியலில்தான் இருக்கிறது! அதே நேரத்தில் வேறொரு நிபுணர் குழு, உடல் எடையில் கிலோவுக்கு தினம் 40 மில்லிகிராம் வரை தொந்தரவில்லை என்றது. அறுபது கிலோ ஆளுக்கு 2,400 மில்லிகிராம். அதில் ஒரு மாத்திரை எந்த மூலைக்கு?

அதற்காக எல்லோரும் டப்பா வாங்க ஓடாதீர்கள். உடம்பு இளைக்க இதை நம்ப வேண்டாம் என்று 2023 மே மாதம் அதே நிறுவனம் சொன்னது. குழந்தைகளுக்கும் சேர்த்துத்தான் அந்த அறிவுரை; ஏற்கெனவே சர்க்கரை வியாதி உள்ளவர்களுக்கு மட்டும் அது பொருந்தாது.

இனிதான் சிக்கலே. எழுபத்தைந்து வயது அப்பிச்சி. சர்க்கரை வியாதி, இன்சுலின் போடுகிறார். 'இன்னும் எத்தன நாளைக்குக் கண்ணு... இனிப்பாவே குடிச்சுட்டுப் போறேன் உடு' என்கிறார். பேத்தி சத்தமில்லாமல் காப்பியில் மாத்திரையைப் போட்டுவிடுகிறாள். அவருக்கு வித்தியாசமே தெரியவில்லை. அவள் செய்தது சரியா?

சரிதான் என்று பத்தில் ஒன்பது பேர் சொல்வீர்கள். அப்பிச்சியின் நாக்கு அவருக்கு மட்டும் சொந்தமில்லை என்பதும் உண்மை. நாளைக்குக் காலில் புண் வந்தால் மருந்து வைத்துக் கட்டப்போவது மகள்தானே?

ஆனால், கொஞ்சம் தள்ளி யோசியுங்கள். அடுத்த பரிசோதனையில் சர்க்கரை குறைந்திருக்கும். 'ரெண்டு ஸ்பூன் போட்டுக் குடிச்சும் கொறஞ்சுருச்சு பாரு' என்று அடுத்த கல்யாணத்தில் இரண்டு லட்டு எடுத்துக்கொள்வார். டாக்டரிடமும் அதையே சொல்வார்; அவர் அதை நம்பி மருந்தின் அளவை மாற்றுவார்.

அதைவிட மோசமான ஒன்று உண்டு. ஒருநாள் சர்க்கரை தாழ்ந்து, கை நடுங்கி, வேர்த்துக் கொட்டுகிறது. வீட்டில் பேத்தி இல்லை. மேசையில் இருக்கும் 'இனிப்புக்' காப்பியை எடுத்து அவரே மடமடவென்று குடிக்கிறார். நாக்குக்கு இனிப்பு, ரத்தத்துக்கு ஒன்றுமில்லை. குளுக்கோஸைத் தேடியிருக்க வேண்டிய நேரத்தில், குடித்தாயிற்று, சரியாகிவிடும் என்று உட்கார்ந்திருப்பார்.

பேத்தி சொல்லிவிட்டே போடலாமே? கத்துவார். டம்ளரைத் தள்ளுவார். இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசமாட்டார். அப்புறம், 'சாயங்காலக் காப்பிக்கு வேணா அந்த மாத்தரையப் போடு. காலைல மட்டும் ஒரு ஸ்பூன் சக்கரை' என்று பேரத்துக்கு வருவார். அந்த ஒரு ஸ்பூனைக் கணக்கில் சேர்த்துக்கொள்ள டாக்டருக்குத் தெரியும்.